ஐந்தரை அடி முன்னால் நின்ற பந்து

சிநேகா வீசிய பந்து ஜூலை பதினொன்றாம் தேதி செவ்வாய்க்கிழமை காலை ஏழே காலுக்கு, அடிக்கிறவளுக்கு ஐந்தரை அடி முன்னால் காற்றில் நின்றுவிட்டது. கீழே விழவில்லை, திரும்பிப் போகவில்லை, சுழல்வதையும் நிறுத்தவில்லை. மட்டையோடு நின்ற துர்காதேவி முழு வீச்சு வீசி, ஒன்றும் அகப்படாமல் தன்னைத்தானே ஒரு சுற்றுச் சுற்றி, மூச்சு வாங்கி மட்டையைக் கீழே இறக்கினாள். அதன் பிறகுதான் பந்து மறுபடி கிளம்பி, விட்ட வேகத்திலேயே வந்து, பின்னால் குந்திப் பந்து பிடிக்கும் கேட்சர் ஜாய்ஸின் கிளவுஸில் விழுந்தது. செங்கல்பட்டில் அன்றைக்குத் தக்காளி கிலோ நூற்றிருபது. ஊர் முழுக்க அதைப் பற்றித்தான் பேச்சு.

செங்கல்பட்டில் பெண்கள் பேஸ்பால் ஆடுகிறார்கள் என்பது ஊரில் பலருக்குத் தெரியாது. ஆடுகிறவர்களின் வீட்டிலேயே சிலருக்குத் தெரியாது. காஞ்சிபுரத்திலிருந்து மாவட்டம் பிரிந்த அதே வாரத்தில், பந்தலும் நாற்காலியும் வாடகைக்கு விடும் செங்கல்வராயன், 'பேஸ்பால் சங்கம்' என்று ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்துவிட்டார். ஸ்டாம்ப் அவர் கையில் இருந்ததால் செயலாளரும் அவரே ஆனார். வேறு தகுதி உண்டா என்று கேட்டவர்களுக்கு ஐம்பது பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்; உட்கார்ந்தவர்கள் பிறகு கேட்கவில்லை. அவருக்குத் தெரிந்த ஆட்டம் டென்னிஸ் பந்துக் கிரிக்கெட். மைதானத்தில் ஏற்கெனவே ஒரு கிரிக்கெட் பிட்ச் கிடந்தது. அதன் ஒரு முனையில், வீசுகிறவள் கால் வைக்க ஒரு ரப்பர் பட்டை பதித்தார். மறுமுனையில், அடிக்கிறவள் பக்கத்தில் ஐந்து மூலை வெள்ளைப் பிளேட்டைப் பதித்தார். "ரெடியா ஒரு பிட்ச் கீது. அத்த வுட்டுட்டு எவன் டேப்பு புடிச்சிகினு நிப்பான்?" என்றார். கமிட்டியில் எல்லோரும் தலையாட்டினார்கள். அந்தக் கமிட்டியில் தலை வேறு எதற்கும் பயன்பட்டதாகக் குறிப்பு இல்லை. பிளேட் அங்கேயே இருந்தது.

அதற்குப் பின் மூன்று மாநிலப் போட்டிகள் வந்துபோயின. மூன்றிலும் செங்கல்பட்டுப் பெண்கள் வீசிய பந்து கேட்சரின் தலைக்கு மேலே போனது. முதல் தடவை காற்று என்று ஆண்டறிக்கையில் எழுதினார்கள். இரண்டாம் தடவை தங்கிய இடத்தில் சாம்பார் சரியில்லை என்று எழுதினார்கள். மூன்றாம் தடவை கிளம்பும் முன் பூசணிக்காய் உடைத்து, பந்துகளையெல்லாம் தாம்பாளத்தில் அடுக்கிக் கற்பூரம் காட்டிக்கொண்டு போனார்கள். கற்பூரம் பார்த்த பந்தும் தலைக்கு மேலேதான் போனது. மற்ற மாவட்டத்துக்காரர்கள் பொறாமையில் மைதானத்தைக் குறுக்கி வைத்திருக்கிறார்கள் என்பதைச் செங்கல்வராயன் அந்த வருடம்தான் கண்டுபிடித்தார். அதுவும் அறிக்கையில் ஏறியது.

சிநேகாவுக்கு இவர்களைப் பார்த்தாலே உதடு கோணும். இருபத்திரண்டு வயது. அச்சரப்பாக்கத்திலிருந்து காலை பாசஞ்சரில் வருவாள். அவளுடைய அப்பா சின்னராசு கம்பெனி வேன் ஓட்டுகிறவர்; ஊர் ஊராகப் பெண்களை ஏற்றிக்கொண்டு போய் ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு தொழிற்சாலை வாசலில் இறக்கிவிடுவார். ஒரு வருடமாக அந்த வேனில் ஜன்னலோரம் ஒரு இருக்கையை மகளுக்கென்று காலியாக வைத்திருந்தார். "வெளாட்டு முடிஞ்சதும் வந்து குந்திக்க பாப்பா, எடம் கீது" என்பார், அன்பாகத்தான். அந்த அன்பைக் கேட்டதும் அவள் ஷூவை மாட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குக் கிளம்பிவிடுவாள். ஒரு அலுவலகத்தில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு விண்ணப்பிக்க வயது வரம்புப்படி அவளுக்கு அந்த ஒரு வருடம்தான் பாக்கி. அவர்கள் கேட்டது ஒரு தாள்: மாநிலப் போட்டியில் ஆட்டத்தைத் தொடங்கி வீசியவள் என்று பெயர் ஏறிய ஆட்டத்தாள். மாற்று ஆட்டக்காரியாகப் போகிறவள் ஐஸ் பெட்டி தூக்கலாம், கைதட்டலாம், பெயர் ஏறாது.

நான்கு நாள், நான்கு ஆட்டம். ஆளுக்கொரு நாளாக முறைவைத்து நான்கு பேர் தொடங்கி வீசுவார்கள். முதல் இடம் தமிழ்ச்செல்விக்கு. இடதுகைக்காரி, மதுராந்தகத்தில் அதே பாசஞ்சரில் ஏறுவாள், ஏறியதும் தன் டிபன் டப்பாவில் பாதி இட்லியை எடுத்துச் சிநேகா கையில் வைப்பாள். அவள் வீச்சைப் பார்த்தால் சிநேகாவின் உதடுகூடக் கோணாது. இரண்டாம் இடம் துர்காதேவிக்கு. ஊரப்பாக்கத்துக்காரி, செயலாளரின் மச்சினர் மகள். அவள் வீசும் பந்தை நடந்து போய்க் கையில் வாங்கிவரலாம். மூன்றாம் இடம் ஜெர்சி தைத்துக் கொடுத்தவரின் மகளுக்கு. அவள் பெயரைச் சொல்ல அவசியம் வராது, அவளுக்கும் ஆட்டம் அவசியப்படவில்லை. மிச்சமிருந்த நான்காம் இடத்துக்குச் சிநேகாவும் இன்னும் ஆறு பேரும் போட்டி போட்டார்கள்.

பந்து நின்ற அன்று அம்பயராக நின்றவரும் செங்கல்வராயன்தான். குடையை மடக்கிக்கொண்டு வந்து, "இன்னாம்மா இது? பந்தா, ஷேர் ஆட்டோவா? வழியில நின்னு நின்னு வருது?" என்றார்.

"ஸ்ட்ரைக்கு சார். அவ சுத்திட்டா, படல."

"நின்ன பந்து செல்லாது."

"எந்த ரூல் சார்?"

"நான் சொல்லிகினு கீறேனே, அதான் ரூலு."

சிநேகா மறுபடி வீசினாள். பந்து மறுபடி அதே இடத்தில் நின்றது. அன்று காலை அவள் முப்பத்தாறு பந்து வீசினாள், முப்பத்தாறும் அடிக்கிறவளைத் தலை முதல் கால்வரை ஒருமுறை பார்த்துவிட்டு வருவதுபோல அங்கே நின்று, மட்டை இறங்கிய பிறகே வந்தன. மட்டை இறங்காதவரை பந்தும் நகராது. சனிக்கிழமை கமிட்டி கூடியது. பந்து நிற்பது குறித்து விவாதிக்கப்பட்டது, தேநீரும் மசால்வடையும் வழங்கப்பட்டன என்று நடவடிக்கைக் குறிப்பில் இருக்கிறது. நான்காம் இடத்துக்கு அவளை எடுப்பதற்கில்லை என்று முடிவு செய்தார்கள்.

அதற்குள் யாரோ எடுத்த வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. ஞாயிற்றுக்கிழமைகளில் குழந்தை குட்டிகளோடு ஆட்கள் வந்தார்கள். நிற்கும் பந்தைத் தொட்டுப் பார்த்தார்கள், பிடித்து இழுத்துப் பார்த்தார்கள், அசையவில்லை என்றதும் பஜ்ஜி வாங்கித் தின்றுவிட்டுப் போனார்கள். மாநிலப் போட்டி அந்த வருடம் மாமல்லபுரம் கடற்கரை ஓரத்தில் நடக்க இருந்தது. அதை ஏற்று நடத்தும் ரிசார்ட்டின் முதலாளியும் வீடியோவைப் பார்த்தார். 'நிற்கும் பந்து சிநேகா' என்று ஆளுயர பேனர் அடித்து ஈ.சி.ஆர். நெடுகக் கட்டச் சொன்னார். மறுநாளே செல்லாத பந்து செல்லுபடியானது. சிநேகாவுக்கு நான்காம் இடம் கிடைத்தது. செங்கல்வராயன் அவளைத் தோளில் தட்டி, இவளை நான்தான் கண்டுபிடித்தேன் என்று ரிசார்ட்காரரிடம் சொன்னார். சிநேகா தோளைத் துடைத்துக்கொண்டாள்.

விளம்பரப் படம் எடுக்க வந்தவர்கள் பந்து நீண்ட நேரம் நிற்க வேண்டும் என்றார்கள். அதற்காகத் துர்காதேவியை மட்டையை ஓங்கியபடியே நாற்பது நிமிடம் நிற்கவைத்தார்கள். உறவுக்காரி என்பதால் அவளும் நின்றாள். மகளைக் கூட்டிப்போக முட்டுக்காட்டிலிருந்து வண்டியில் வந்திருந்த ஜாய்ஸின் அப்பா ஏசுபாதத்துக்கு அந்த நாற்பது நிமிடமும் பொழுது போகவில்லை. அவர் கொத்தனார், டைல்ஸ் பதிக்கிறவர். எதையாவது அளக்காமல் அவருக்குக் கை சும்மா இருக்காது. பையிலிருந்து தூக்குக்குண்டை எடுத்து, நூலை நிற்கும் பந்தின்மேல் ஒரு சுற்றுச் சுற்றித் தொங்கவிட்டார். குண்டு ஆடி அடங்கிய இடத்தில் தரையில் ஒரு கோடு கிழித்தார். அங்கிருந்து வீசுகிற ரப்பர் பட்டை வரைக்கும் டேப்பை இழுத்தார்.

"அறுவது அடி ஆறு அங்குலம். நூல் பிசகல" என்றார்.

சிநேகா குனிந்து டேப்பில் எண்ணைத் தானே படித்தாள். பேஸ்பாலில் பட்டைக்கும் பிளேட்டுக்கும் நடுவே இருக்க வேண்டிய தூரம் அதேதான். சங்கத்தின் பீரோவில் யாரும் புரட்டாத விதிப்புத்தகத்தின் ஆரம்பத்திலேயே அச்சடித்திருக்கிறது. பிளேட் வரைக்கும் அளக்கச் சொன்னாள். அறுபத்தாறு அடி. கிரிக்கெட் பிட்ச்சின் இருபத்திரண்டு கஜம். பந்து முறையான இடத்துக்கு வந்து நின்றுகொண்டிருந்தது. ஊர்தான் ஐந்தரை அடி தள்ளி நின்று மட்டை சுற்றிக்கொண்டிருந்தது. நான்கு வருடமாகச் செங்கல்பட்டுப் பெண்களின் கை அந்த நீளத்துக்குப் பழகியிருந்தது. அதனால்தான் வெளியூரில் பந்தெல்லாம் தலைக்கு மேலே போனது. அவளுக்கு இன்னொன்றும் புரிந்தது. சரியாக அளந்த மைதானத்தில் அவள் பந்து நிற்காது.

"சொல்லுடி" என்றாள் ஜாய்ஸ். "பிளேட்ட மாத்தி வெச்சா அல்லாருக்கும் பந்து எறங்கும்."

சிநேகா டேப்பையும் எடுத்துக்கொண்டு கமிட்டி அறைக்குப் போனாள். அந்தப் பெருமையை அவளிடமிருந்து எடுக்க வேண்டியதில்லை, போகத்தான் போனாள். செங்கல்வராயன் டேப்பைக் கையில் வாங்காமலே, "டேப்பு வெயில்ல நீளும்மா" என்றார்.

"இது இரும்பு டேப்பு சார்."

"இரும்பு நீளாதா? தண்டவாளம் நீள்றதில்ல?"

கமிட்டி தலையாட்டியது. நான்கு வருட ஆண்டறிக்கைகளை என்ன செய்வது என்று ஒருவர் கேட்டார். பிளேட்டைப் பெயர்த்தால் சிமென்ட் பூச்சு போய்விடும் என்றார் இன்னொருவர். செங்கல்வராயன் ஒரு வெள்ளைத் தாளை அவள் முன்னால் தள்ளினார். "நாளைக்கு எவனாவது கேட்டா காட்டணும் இல்ல? நானே நின்னு பாத்தேன், அளவு சரியா கீதுன்னு ஒரு லெட்டர் எழுதிக் குடுத்துடு. இந்தப் பேச்சு வெளிய போவக் கூடாது. போச்சுன்னா நாலாவது எடத்துக்கு வேற ஆள் கீறாங்க" என்றார்.

சிநேகாவுக்கு வேனின் ஜன்னலோர இருக்கை நினைவுக்கு வந்தது. எழுதினாள். கமிட்டியில் ஒவ்வொருவரையும் புழுவைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாள். அந்தப் பார்வை எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை, கையெழுத்துதான் ஏறியது. செங்கல்வராயன் அதன்மேல் ஸ்டாம்ப் குத்தி மை காய ஊதினார்.

வெளியே வந்து, யாரை என்று இல்லாத கோபத்தில் ஒரு பந்து வீசினாள். கை உயர்ந்துவிட்டது. பந்து நெற்றி உயரத்தில் போய், கோடு கிழித்த இடத்துக்கு நேர் மேலே நின்றது. அடிக்க நின்றவள் மட்டையைச் சுற்றினாள், இறக்கினாள். பந்து வரவில்லை. ஜாய்ஸ் கிளவுஸை விரித்தபடி கால் மரத்துப்போகும்வரை குந்தியிருந்தாள். மற்ற பந்துகள் நிற்கும்போது சுழன்றுகொண்டிருக்கும். இது சுழலக்கூட இல்லை. மறுநாளும் அங்கேயே இருந்தது. அடுத்த நாள் மழை பெய்தது, நனைந்துகொண்டு இருந்தது. சிநேகா இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கிப் பார்த்தாள். பிறகு பயிற்சி நேரத்தில் அந்தப் பக்கம் பார்க்காமல் வீசப் பழகிக்கொண்டாள்.

அன்றிலிருந்து மூன்று வாரம் அவள் மாலை நேரங்களில் முட்டுக்காட்டுக்குப் போனாள். கழிமுகத்துப் பக்கம் வண்டி வராத ஒரு சந்தில் ஏசுபாதம் அறுபது அடி ஆறு அங்குலம் அளந்து சாக்பீஸில் கோடு போட்டுக் கொடுத்தார். ஜாய்ஸ் கோட்டுக்குப் பின்னால் குந்தினாள். முதல் ஐம்பது பந்து ஜாய்ஸின் தலைக்கு மேலே போய்த் தண்ணீரில் விழுந்தது. படகுக்காரர்கள் எடுத்து எறிந்தார்கள். பிறகு கை மெல்ல இறங்கியது. அங்கே ஒரு பந்துகூட நிற்கவில்லை. யார் வீசினாலும் வருவதுபோல வந்தது.

"தமிழையும் இட்டுனு வா" என்றாள் ஜாய்ஸ், முதல் வாரமே.

"அவ வாய் சும்மா இருக்காது. நேரா போய் ஏன்னு கேப்பா. என் பேரு போயிடும்."

"அவ பேரு போவுதே, அது?"

சிநேகா அடுத்த பந்தை வீசினாள். ஜாய்ஸ் அதைப் பிடித்துத் திருப்பி எறிந்தாள். அப்பாவுக்கும் சேர்த்து வாயை மூடிக்கொள்வதாக ஒப்புக்கொண்டாள், ஆனால் அதற்குப் பிறகு சிநேகாவிடம் கிளவுஸால் மட்டும்தான் பேசினாள். பாசஞ்சரில் தமிழ்ச்செல்வி வழக்கம்போலப் பாதி இட்லியை எடுத்து வைத்தாள். அது தொண்டையில் இறங்கவில்லை என்று எழுத ஆசைதான். இறங்கியது, இரண்டாவது துண்டும் இறங்கியது.

மாமல்லபுரத்தில் மைதானத்தை வெளியூர் அதிகாரிகள் வந்து அளந்திருந்தார்கள். முதல் நாள் தமிழ்ச்செல்வி வீசினாள். அவள் கையில் ஒரு குறையும் இல்லை. பந்து அழகாகக் கிளம்பி, அழகாக வளைந்து, ஜாய்ஸின் தலைக்கு இரண்டடி மேலே போனது. எட்டாத உயரத்தில் நான்கு பந்து போனால் அடிக்கிறவளுக்கு முதல் தளம் இலவசம். ஒருத்தி மட்டையை அசைக்காமலே அங்கே நடந்து போனாள், அடுத்தவளும் போனாள், அப்படிப் பதினோரு பேர் போனார்கள். மூன்றாவது இன்னிங்ஸில் தமிழ்ச்செல்வி தன் இடதுகையை வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோலத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது, துடைக்காமல் வீசினாள். 'பிளேட் கிட்ட இருக்கு, தாழ்த்தி வீசு' என்று ஐந்து சொல் சொன்னால் போதும். சிநேகா ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். தன் வாழ்க்கையிலேயே மிகக் கேவலமான பிற்பகல் அது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. வாயைத் திறக்கவில்லை.

இரண்டாம் நாள் துர்காதேவி, மூன்றாம் நாள் ஜெர்சிக்காரரின் மகள். அவர்களும் தோற்றார்கள், அவர்கள் எந்தத் தூரத்திலிருந்து வீசியிருந்தாலும் தோற்றிருப்பார்கள். நான்காம் நாள் நிற்கும் பந்தைப் பார்க்கக் கூட்டம் கூடியது. வெளிநாட்டுப் பயணிகளுக்கு இளநீர் சீவி வைத்திருந்தார்கள். சிநேகா வீசினாள். பந்து நிற்கவில்லை. நேரே போய் ஜாய்ஸின் கிளவுஸில் விழுந்தது, அம்பயர் ஸ்ட்ரைக் என்றார். அடுத்ததும் அப்படியே, அதற்கடுத்ததும் அப்படியே. ஏமாற்றிவிட்டார்கள் என்று கூட்டம் முனகியது. மூன்றாவது இன்னிங்ஸ் முடிவதற்குள் பாதிப் பேர் கடலைப் பார்க்கப் போய்விட்டார்கள், ரிசார்ட் ஆட்கள் ஏணி போட்டு பேனரை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். நாலுக்கு இரண்டு என்று செங்கல்பட்டு ஜெயித்தபோது கைதட்ட இருபது பேர் இருந்திருந்தால் அதிகம். அது மாவட்டத்தின் முதல் வெற்றி. செங்கல்வராயன் கோப்பை இல்லாவிட்டாலும் கையைத் தூக்கிப் போட்டோ எடுத்துக்கொண்டார்.

எல்லோருக்கும் முன்னால் ஓடிவந்து கட்டிக்கொண்டது தமிழ்ச்செல்விதான். "எப்டிடி எறக்குன? எனக்கு மட்டும் ஏன்டி எறங்கல?" என்று கேட்டாள். பொறாமையில் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"தெரிலடி. கையி தானா வந்துச்சு" என்றாள் சிநேகா.

பக்கத்தில் ஜாய்ஸ் கேட்சர் போடும் கம்பி முகக்கவசத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாள். கழற்றி, சிநேகாவின் காலடியில் போட்டுவிட்டு, மணலில் இறங்கி முட்டுக்காட்டுப் பேருந்துக்கு நடந்தாள். பிறகு அவள் யாருக்கும் கேட்சராக உட்காரவில்லை.

ஆட்டத்தாளில் பெயர் ஏறியது, தாளைக் காட்டி வேலையும் கிடைத்தது. அந்த வருட ஆண்டறிக்கையில் வெற்றிக்குக் காரணம் செயலாளரின் தொலைநோக்கு என்று எழுதினார்கள். தோல்விகளுக்குக் காரணம் தமிழ்ச்செல்வி என்று எழுதி, அவளை அணியிலிருந்து எடுத்தார்கள். அவள் இப்போது மதுராந்தகத்தில் அப்பாவின் உரக்கடையில் உட்கார்ந்திருக்கிறாள். வாடிக்கையாளர் கேட்கும் பொட்டலத்தை எழுந்து போகாமல் இடதுகையாலேயே எறிந்து கொடுக்கிறாள், தவறாமல் அவர்கள் கையில் விழுகிறது என்று சொல்கிறார்கள்.

பிளேட்டை யாரும் நகர்த்தவில்லை. அளவு சரியாக இருக்கிறது என்று ஜெயித்தவளே எழுதிக்கொடுத்த கடிதம் இருக்கும்போது நகர்த்துவானேன்? கடிதத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கமிட்டி அறையில் மாட்டியிருக்கிறார்கள். பந்தும் அங்கேயே நிற்கிறது. வெயிலில் தோல் வெளுத்துவிட்டது, தையல் நூல் மட்டும் சிவப்பாக இருக்கிறது. புதிதாகச் சேரும் பெண்களுக்கு முதல் நாள் குடிதண்ணீர் எங்கே, கழிவறை எங்கே, பந்து எங்கே என்று காட்டிவிடுவார்கள். இரண்டு மூன்று பேருக்கு நெற்றி வீங்கிய பிறகு எல்லோருக்கும் பழகிவிட்டது. காலையில் நடக்க வருகிற பெரியவர்கள் பேச்சை நிறுத்தாமலே விலகிப் போகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் ஆடுகிறவர்கள் அதன்மேல் பட்டால் இரண்டு ஓட்டம் என்று வைத்திருக்கிறார்கள்.

இரண்டு வருடம் கழித்து, போன ஆவணியில், சங்கத்தின் விழாவுக்குச் சிநேகாவைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டார்கள். அலுவலகப் பெயர் போட்ட ஜெர்சியில் வந்தாள். பந்தல், நாற்காலி எல்லாம் செங்கல்வராயனுடையது. மேடை பிளேட்டுக்குப் பின்னால் போட்டிருந்தது. மைக்கில் பெயர் சொன்னதும் அவள் சால்வை வாங்கிக்கொள்ள மைதானத்தின் நடுவே நடந்து வந்தாள். பந்துக்கு முன்னால் ஒரு நொடி கால் தயங்கியது. பெண்கள் எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த மைதானத்தில் யாரும் செய்வதைப்போல அவளும் தலையைக் குனிந்து, அதைச் சுற்றிக்கொண்டு மேடைக்குப் போனாள்.